சரக்கு போய்ச் சேருமிடம்



வணிகத்தால் வாழ்ந்த ஒரு குடும்பம் தன் முன்னோர் நினைவாக இக்கல்லூரியில் நிறுவிய இந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு வணிகத்தைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை என்று அறிந்தேன். அந்நிபந்தனைக்கு உட்பட்டு நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ, விற்க மறுக்க வேண்டிய சந்தர்ப்பங்களைப் பற்றியது. ஒரு தேசத்தில் செய்த பொருள் இன்ன தேசத்துக்கு, இன்ன ஆளுக்கு, இன்ன காரியத்துக்குப் போகலாகாது என்று அரசுகள் விதிக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் பொருளாதாரத் தடைகளும், பல தேசங்களில் கிளை பரப்பிய பெரிய கம்பெனிகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் முறையும் டெல்லியிலும் மும்பையிலும் ஆராய வேண்டியவை, அவற்றைத் தருமபுரியில் பேசுவானேன் என்று இங்கு அமர்ந்திருப்போரில் சிலர் நினைக்கக்கூடும்.

ஓசூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. பாதுகாப்புத் தளவாடத் தொழில்களுக்கென்று தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிவைத்த தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, சேலம், ஓசூர் ஆகிய ஐந்து ஊர்கள் இடம்பெற்றன. தருமபுரி அவற்றுள் இல்லை, ஆயினும் ஐந்தில் இரண்டுக்கு நடுவே கிடக்கிறது. ஓசூரே, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரையில், தருமபுரி மாவட்டத்து ஊர்தான். நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் தேறி, அங்குள்ள பட்டறைகளின் சி.என்.சி. இயந்திரங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் கடைந்து தரும் உலோகத் துண்டு எந்த யந்திரத்துக்குள் போய்ப் பொருந்தும், அந்த யந்திரம் எந்த நாட்டில் எவர் கையில் இயங்கும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்படும் டிராயிங்கில் இராது. ஒரு பார்ட் நம்பர் இருக்கும், அளவுகள் இருக்கும், மைக்ரான் கணக்கில் டாலரன்ஸ் இருக்கும், அவ்வளவே. பெரிய கம்பெனி உலகத்துக்குக் கொடுத்திருக்கும் சட்ட வாக்குறுதியை நடைமுறையில் காப்பாற்றுகிறவரும், அறியாமலே உடைக்கிறவரும், பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பட்டறைக்காரரும், அவருடைய பேக்கிங் ஆளும், கணக்கருமே ஆவர். அவர்களிடம் கையெழுத்து வாங்கப்படுகிறதேயன்றி, காரணம் சொல்லப்படுவதில்லை, நிறுத்தும் அதிகாரமும் தரப்படுவதில்லை. இதுவே நான் சொல்ல வந்தது. இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சரித்திரத்தின் வழியே போக வேண்டியிருக்கிறது.

வர்த்தகத் தடை என்பது அமெரிக்க தேசத்தார் கண்டுபிடித்த ஆயுதம் என்று எண்ணுவோர் நம் மாவட்டத்துப் பழைய ஏடுகளையே புரட்டலாம். பாராமகால் என்று வழங்கிய இந்தப் பிரதேசம் மைசூர் ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1785ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் சந்தனக் கட்டை, மிளகு, ஏலக்காய் ஆகிய மூன்றும் தம் துறைமுகங்களின் வழியே ஏற்றுமதியாவதை நிறுத்தினார். உள்ளூர் வியாபாரிகள் ஆங்கிலக் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாகாது என்றும் ஆணை பிறப்பித்தார். முதல் கட்டளை பொருளைப் பிடிக்கிறது, இரண்டாவது கட்டளை ஆளைப் பிடிக்கிறது. இன்று உலகெங்கும் உள்ள சட்டங்களை எவ்வளவு விரித்தாலும் இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கும். அதன் பின் வந்த யுத்தத்துக்கு இந்தத் தடையே காரணம் என்று சொல்வது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். திருவிதாங்கூர் எல்லையின் மேல் திப்பு தொடுத்த தாக்குதல்தான் உடனடிக் காரணம். ஆனால் 1792ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் அவர் பாதி ராஜ்யத்தை இழந்தபோது, மிளகு விளையும் மலபாரும், நம்முடைய பாராமகாலும் கம்பெனியின் வசமாயின. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் வரித் தீர்வை செய்யத் தொடங்கினர், மன்றோ தருமபுரியிலேயே குடியிருந்தார். சுல்தானின் ஆணை கம்பெனியைக் குறிவைத்து எழுதப்பட்டதாயினும், அதற்குக் கட்டுப்பட வேண்டியவன் உள்ளூர் வியாபாரி என்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும். தடைகளில் எப்போதும் பெயர் ஒருவருடையது, பாரம் வேறொருவருடையது.

அரசு விதிக்காமல் ஜனங்கள் தாமே விதித்துக்கொண்ட தடையும் உண்டு. அந்நியத் துணியை வாங்காதே என்று மேடைதோறும் முழங்கிச் சிறை சென்று நோயோடு திரும்பிய சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1925ஆம் ஆண்டு ஜூலையில் கண்மூடியது இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பாப்பாரப்பட்டியில்தான். அந்தக் காலத்துச் சுதேசி இயக்கத்தின் மனோபாவமே பின்னர் ராஜ்ய நீதியாகவும் மாறிற்று என்று நான் கருதுகிறேன். தென்னாப்பிரிக்காவில், சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியார் உள்ளிட்ட இந்தியர்கள், இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1946ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டபோது, நம் தேசம் இன்னும் சுதந்திரம் பெறாத நிலையிலேயே, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்த நாட்டோடு வர்த்தகத்தை முற்றும் துண்டித்துக்கொண்டது. உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த நாடு இந்தியாதான். தென்னாப்பிரிக்காவின் தானியத்துக்குச் சாக்கு நம்முடைய சணலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வியாபாரத்தை நாம் தெரிந்தே விட்டோம். நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் தறுவாயில், 1993இல்தான் தடை நீங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு தேசம் லாபத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதைப் பொருளாதாரத் தடை எல்லாமே வல்லரசுகளின் சூழ்ச்சி என்று பேசுவோர் கவனிக்க வேண்டும்.

இனி, நம் அண்டை நாட்டின்மேலும் நம்மேலும் விழுந்த தடைகளைப் பார்க்கலாம். கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, யுத்தத்துக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு விற்க வேண்டாமென்று அங்கத்தினர்களுக்குச் சிபாரிசு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ், அத்தகைய பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்கும் எந்த நாட்டுக்கும் உதவி நிறுத்தப்படும் என்று ஒரு சட்டம் செய்தது. அதைக் கொண்டுவந்த அங்கத்தினரின் பெயரால் பாட்டில் சட்டம் என்று அது வழங்கியது. இலங்கையில் அப்போது அரிசிப் பஞ்சம், ரப்பருக்கோ விலை வீழ்ச்சி. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பீக்கிங்கில் இலங்கை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெறுவது. சீனா ரப்பருக்கு உலகச் சந்தையைவிட உயர்ந்த விலை கொடுத்தது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகளில் அங்கத்தினர் ஆகவேயில்லை, 1955 டிசம்பரில்தான் ஆயிற்று. ஆகவே பொதுச்சபையின் சிபாரிசு அதைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்கச் சட்டமோ அந்த நியாயத்தைப் பார்க்கவில்லை, சில ஆண்டுகள் உதவி கிடைக்காமலே போயிற்று. ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் கணிசமானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் மலையகத் தமிழர்கள். யாருடைய உழைப்பின் விளைவு இரண்டு வல்லரசுகளின் வழக்குப்பொருளாயிற்றோ, அவர்களைக் கேட்க எந்தச் சபையும் இல்லை.

இதற்கு நேர் அடுத்தபடியாக நம் கடற்கரைக்கே வருகிறது விவகாரம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மணவாளக்குறிச்சி அந்நாளில் திருவிதாங்கூரில் இருந்தது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்குள்ள மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அதிலிருந்து எடுக்கப்படும் தோரியத்தை அக்காலத்தார் காஸ் விளக்கின் மாண்டிலுக்குப் பயன்படுத்தினர். நம் கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை ஒளி அந்த மாண்டிலிலிருந்து வந்ததுதான். முதல் உலக யுத்தம் வந்ததும் ஜெர்மானியரின் உரிமை போய் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இரண்டாம் யுத்தத்தின் முடிவில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு, தோரியம் அணுசக்திக்கும் உதவும் என்று தெரிந்தவுடன், அதுவரை மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய அதே மணல் ராஜாங்க ரகசியமாயிற்று. ஏற்றுமதி தடுக்கப்பட்டது, 1948இல் அணுசக்திச் சட்டம் வந்தது, 1950இல் இந்திய அரிய மண் தாதுக்களைப் பரிபாலிக்க இந்தியன் ரேர் எர்த்ஸ் என்னும் கம்பெனி அமைக்கப்பட்டது.

அந்தக் கம்பெனியே 1953ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு விற்றது. அது போலந்துக் கப்பல் ஒன்றில் ஏறிக் கொழும்பு வரை போனபோது வாஷிங்டனில் பரபரப்பு உண்டாயிற்று. பாட்டில் சட்டத்தின்படி இந்தியாவுக்கு உதவியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இந்தியா கைவிட்டுப் போகும். நிறுத்தாவிட்டால் சட்டம் கேலிக்கூத்தாகும். உதவியோடு அரசியல் நிபந்தனையை ஏற்பது இந்தியாவின் வழக்கமன்று என்ற நிலையிலிருந்து நேரு இறங்கவில்லை. நெடிய பேச்சுக்குப் பிறகு ஒரு சமாதானம் பிறந்தது, உதவி நிற்கவில்லை. அந்த ஒரு டன் பொருள் மாண்டில் செய்யவும் உதவும், அணு உலையின் ஆராய்ச்சிக்கும் உதவும். பீப்பாய்க்குள் இருக்கும்போது அது எதற்கு என்று எந்த ரசாயன சோதனையும் சொல்லாது; யார் வாங்குகிறார், எங்கே இறக்குகிறார், என்ன செய்யப் போகிறார் என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் தத்துவம் முழுவதும் இதில் அடக்கம். இருவகைப் பயன் உள்ள பொருள் என்று சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக வர்ணிப்பது, மணவாளக்குறிச்சி மணலை ஒருமுறை கையில் அள்ளிப் பார்த்தவருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கும்.

கல்பாக்கத்தின் கதை உங்களில் பலரும் அறிந்ததே. பிரெஞ்சு தேசத்தாரின் ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டு வேக ஈனுலை ஒன்றை அங்கு நிறுவ ஏற்பாடாகியிருந்தது; 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் பொக்ரானில் இந்தியா அணுச் சோதனை நடத்தியபின் செறிவூட்டிய யுரேனிய எரிபொருள் வருவது நின்றுபோயிற்று. நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாமே உருவாக்கி, 1985 அக்டோபரில் அந்த உலையை இயக்கினர். தடை நம்மைச் சுயசார்புள்ளவர்களாக்கியது என்று இதைக் கொண்டாடுவது மரபு. கொண்டாட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பதினோரு வருஷம் அதற்கு விலையாகக் கொடுத்தோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். 1998ஆம் ஆண்டு மேயில் இரண்டாம் முறை சோதனை நடந்ததும், அமெரிக்க வர்த்தகத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் ஏறிற்று. அதன்பின் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அந்த மையத்துக்கு அனுமதியின்றி எதையும் விற்க முடியாது என்பதோடு நில்லாமல், அந்த மையத்துக்குப் பொருள் தரும் நம்மூர் வியாபாரியும் சந்தேகத்துக்குரியவராகப் பார்க்கப்பட்டார். 2025ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு கூடவே அன்று நீங்கிய மூன்றாவது பெயர் எது தெரியுமா? 1953இல் சீனாவுக்குத் தோரியம் விற்ற அதே இந்தியன் ரேர் எர்த்ஸ்.

இனித் தடையை மீறியோர் கதை ஒன்று. ஜப்பானியக் கம்பெனியான தோஷிபாவின் கிளையாகிய தோஷிபா மெஷின், 1980களின் தொடக்கத்தில், நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரை நயமாகக் கடையவல்ல பல அச்சுகளுள்ள பிரம்மாண்டமான மில்லிங் இயந்திரங்களை சோவியத் யூனியனுக்கு விற்றது. அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவிகளை நார்வேயின் காங்ஸ்பெர்க் கொடுத்தது. அரசிடம் கொடுத்த விண்ணப்பத்தில் சாதாரண இரண்டு அச்சு இயந்திரம் என்று எழுதியிருந்தார்கள். விஷயம் 1987இல் வெளியானபோது தாய்க் கம்பெனியின் தலைவரும் அக்கிராசனரும் பதவி துறந்தனர். அமெரிக்கா அடுத்த ஆண்டு இரு நிறுவனங்கள்மேலும் தடை விதித்தது. இதை வெளிக்கொணர்ந்தவர் பெரிய தணிக்கை அதிகாரியோ உளவாளியோ அல்லர், அந்த வியாபாரத்தில் இடைத்தரகராக இருந்த ஒரு வர்த்தக நிறுவனத்தின் ஊழியர். கையெழுத்திட்ட பெரியவர்கள் எல்லோரும் வாய்மூடி இருக்க, தெரிந்த ஓர் ஊழியர் பேசினார். அவர் உள்ளேயே பேசுவதற்கு ஒரு வழி இருந்திருந்தால் அவ்விரு கம்பெனிகளின் சரித்திரமும் வேறாக இருந்திருக்கும்.

நம் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை விளக்கும் புத்தகங்கள் கிடைக்கின்றன. 1992ஆம் ஆண்டு அந்நிய வர்த்தகச் சட்டமும், 2005ஆம் ஆண்டு பேரழிவு ஆயுதங்கள் பற்றிய சட்டமும் இதற்கு அடிப்படை. எந்தப் பொருளை அனுமதியின்றி அனுப்பக்கூடாது என்பதை ஸ்கோமெட் என்று தொழில் வட்டாரத்தில் வழங்கும் பட்டியல் சொல்கிறது. ரசாயனங்கள், கிருமிகள், விசேஷ உலோகங்கள், விண்வெளிக் கருவிகள், யுத்தத் தளவாடங்கள், மின்னணுக் கருவிகள் என்று அது வகை பிரித்திருக்கிறது. பொதுவாக அந்நிய வர்த்தகத் தலைமை இயக்குநரகம் லைசென்ஸ் கொடுக்கும், தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை, அணுப் பொருள்களுக்கு அணுசக்தித் துறை. இத்தகைய ஏற்றுமதியைப் பல நாடுகள் கூடிக் கட்டுப்படுத்தும் அமைப்புகளுள், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016 ஜூனிலும், வாசனார் உடன்பாட்டில் 2017 டிசம்பரிலும், ஆஸ்திரேலியக் குழுவில் 2018 ஜனவரியிலும் இந்தியா சேர்ந்துகொண்டது. அணுப்பொருள் வழங்குவோர் குழுவின் வாசல் மட்டும் இன்னும் திறக்கவில்லை. 1974இல் நம்மைத் தடுப்பதற்கென்றே பிறந்த குழு அது என்பதால் வியப்பில்லை. பட்டியலில் இல்லாத பொருளும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று அனுப்புகிறவர் அறிந்திருந்தால், கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்பதும், ஓசூரிலிருந்து ஒரு பொறியாளர் ஜெர்மனிக்கு ஈமெயிலில் அனுப்பும் டிராயிங்கும் ஏற்றுமதியாகலாம் என்பதும் பலர் அறியாதவை.

இவ்வளவுதானா என்றால், பல தேசத்துக் கம்பெனிக்கு இது பாதிகூட இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த உதிரிபாகம் நம் பொருளின் மதிப்பில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால், அதாவது பொதுவாக நூற்றுக்கு 25, சில நாடுகள் விஷயத்தில் 10, அப்பொருள் எங்கு செய்யப்பட்டிருந்தாலும் அமெரிக்கச் சட்டம் அதைத் தொடர்ந்து வருகிறது. தடை செய்யப்பட்ட ஒருவர் ஐம்பது சதவீதம் உடைமை கொண்ட கம்பெனியும் தடைக்குள்ளானதாகவே அவர்களுடைய கருவூலத் துறை கருதும். பாங்கு டாலரில் பணம் அனுப்பினாலே அவர்கள் கைக்குள் வந்துவிடுகிறது. சூடான், ஈரான், கியூபா நாட்டார்க்காகப் பணம் பரிமாறிய பிரெஞ்சு நாட்டு பி.என்.பி. பரிபா பாங்கு 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 890 கோடி டாலர் கட்டியது. மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியமோ கியூபாவுக்கும் ஈரானுக்கும் எதிரான சில அமெரிக்கத் தடைகளுக்குக் கட்டுப்படக்கூடாதென்று தன் கம்பெனிகளுக்கு 1996ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தால் ஆணையிட்டிருக்கிறது. ஆக, ஒரு நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் இன்னொரு நாட்டுச் சட்டத்தை மீற நேரும் என்ற தர்மசங்கடம் இதில் நிஜமாகவே உண்டு. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை விதிக்கும் தடைகளை மட்டுமே ஏற்பது, தனியொரு நாடு விதிப்பதை ஏற்பதில்லை என்பது நம் அரசின் கொள்கை. கொள்கை நியாயமானதே. ஆனால் 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ரஷ்யாவுக்குப் பொருள் அனுப்பியதாகச் சொல்லி அமெரிக்கா வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்ற ஏறத்தாழ 400 பெயர்களில் இந்தியக் கம்பெனிகள் 19 இருந்தன. அவை இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்று நம் வெளியுறவுத் துறை சொன்னது உண்மையாயினும், அந்த வாசகம் டாலர் பாங்குக் கணக்கைத் திறந்துவைக்காது.

அவ்வாறான பொருள்கள் எவை? ரஷ்யாவுக்குப் போகலாகாதென்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிட்டனும் ஜப்பானும் கூடி முன்னுரிமை கொடுத்துக் குறித்த ஐம்பது சுங்கக் குறியீடுகளில் பால் பேரிங் இருக்கிறது. சேலத்திலோ ஓசூரிலோ உதிரிபாகக் கடையில் விலை சொல்லி வாங்கும் பேரிங்! இதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் டாங்கியும் பேரிங்கில்தான் ஓடுகிறது. 2024 மார்ச்சு முதல் ஐரோப்பியக் கம்பெனிகள் சில வகைப் பொருள்களை வெளிநாட்டாருக்கு விற்கும்போது, ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்யக்கூடாது என்ற வாசகத்தை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அந்த வாசகம் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில், மிகப் பொடியான எழுத்தில், முப்பத்தோராவது நிபந்தனையாக நம்மூர்ப் பட்டறைக்கு வந்து சேருகிறது. உரிமையாளர் கடைசிப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் திருப்பி அனுப்புகிறார்.

இன்னொன்று. உயர்ந்த ரக ஐந்து அச்சு இயந்திரங்கள் சிலவற்றில், அசையாமல் நிறுவிய இடத்திலிருந்து பெயர்த்தால் உணர்ந்து பூட்டிக்கொள்ளும் கருவி உண்டு. வாடகை ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் சொந்தக் கட்டடம் கட்டிப் புகும் ஒருவர், கிரேன் வைத்து இயந்திரத்தைத் தூக்கி இறக்கி மின்சாரம் கொடுத்தால் அது இயங்க மறுக்கும். தயாரித்த கம்பெனியின் ஆள் வந்து, ஏன் மாற்றினாய், எங்கே மாற்றினாய் என்று கேட்டுப் பதிந்த பிறகே மறுபடி உயிர் பெறும். தோஷிபா விவகாரத்துக்குப் பின் வந்த ஜாக்கிரதையின் பலன் இது. அந்த நியாயத்தை விற்பனைக்கு வந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கினவர் ஏற்றுக்கொண்டிருப்பார். சொல்லாமல் விட்டதனால் அதை அவமானமாக எண்ணுகிறார்.

பெரிய கம்பெனிகள் எழுதிவைத்திருக்கும் ஒழுங்குமுறைகளை நான் படித்திருக்கிறேன். அமெரிக்கக் கருவூலத் துறை 2019 மேயில் வெளியிட்ட சட்டகம், மேலிடத்தின் உறுதி, ஆபத்தை மதிப்பிடல், உள்கட்டுப்பாடு, தணிக்கை, பயிற்சி என்று ஐந்து அங்கங்களைச் சொல்கிறது; பல கம்பெனிகளின் ஏடுகளும் இவற்றையே பிரதிசெய்கின்றன. மேலிடத்தின் உறுதி முதலில் நிற்பதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால் என் அபிப்பிராயத்தில் அந்தப் பட்டியலில் ஓர் அங்கம் குறைகிறது: நிறுத்தும் அதிகாரம். புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பெயரில், துபாயிலோ இஸ்தான்புல்லிலோ முகவரி காட்டி, விலையைப் பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, இன்ஸ்டலேஷனும் வேண்டாம் சர்வீசும் வேண்டாம் என்று ஒரு நுணுக்கமான கருவியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதுவும் தனித்துக் குற்றமன்று. கூட்டிப் பார்க்கும்போது தோன்றும் சந்தேகம் முதலில் தோன்றுவது டெலிவரி சலான் எழுதுகிற பெண்ணுக்கு. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்கும் அவசரத்தில் அவள் வாய்திறந்தால் யார் செவிசாய்ப்பார்? லோடு ஏற்றும் லாரியை ஒரு மணி நேரம் நிறுத்தி மேலே கேள் என்று சொல்லும் உரிமை அவளுக்கு எழுத்தில் இருக்க வேண்டும், அப்படி நிறுத்தியதால் அவள் வேலைக்கு ஆபத்து வராது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நூறு பக்க ஏட்டைவிட இந்த இரண்டு வாக்கியம் அதிகப் பயன் தரும் என்று நான் நம்புகிறேன்.

பெரிய கம்பெனி தன் பொறுப்பைக் கீழே இருப்பவர்மேல் ஒப்பந்தத்தின் மூலம் இறக்கிவிடுகிறது. அபராதம் வந்தால் ஈடு செய்வேன் என்று உறுதிமொழியும் வாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு வேலை செய்யும் பட்டறை, பல கோடி டாலர் அபராதத்துக்கு எவ்வாறு ஈடு செய்யும்? எழுதிக் கொடுப்பவருக்கும் தெரியும், வாங்கிக்கொள்பவருக்கும் தெரியும், அது வெறும் காகிதம் என்று. அந்தக் காகிதத்துக்குப் பதிலாக, தன் பொருள் எந்தப் பட்டியலின் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு வரி தமிழில் எழுதி டிராயிங்கோடு அனுப்பினால் போதுமானது. வகைப்படுத்தும் அறிவு பெரிய கம்பெனியிடம்தான் இருக்கிறது. அறிவு ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருப்பது நிர்வாகமாகாது.

இக்கல்லூரியின் வணிகவியல் மாணவர்கள் ஷிப்பிங் பில் என்பதைப் படத்தில் பார்க்கிறார்கள். ஸ்கோமெட் பட்டியலின் ஒரு பக்கத்தையும், இறுதிப் பயனாளர் சான்றிதழ் ஒன்றின் மாதிரியையும் அதனோடு சேர்த்துப் படிக்கவைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. இவர்களில் சிலர் நாளை ஓசூரிலும் பெங்களூரிலும் ஏற்றுமதிப் பிரிவில் உட்காரப் போகிறவர்கள். இன்னொரு காரியமும் உண்டு. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 12 முதல் அமெரிக்கத் தடைச் சட்டங்களுக்கு உட்பட்ட கணக்குகளைப் பத்தாண்டு பாதுகாக்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது, முன்பு ஐந்தாண்டாக இருந்தது. பெரிய கம்பெனிகள் இந்தப் பத்தாண்டையும் கீழே தள்ளிக்கொண்டு வருகின்றன. சிறு பட்டறை ஒன்று, பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குப் போய்விட, பத்தாண்டு நடப்பதே அரிது. பட்டறை மூடிய பின் அந்தக் காகிதங்கள் யாரிடம் இருக்கும்? மாவட்டத்துச் சிறுதொழில் சங்கத்தார் தமக்குள் ஒரு பொது அலுவலரை வைத்து, வாங்குவோர் பெயரைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், சான்றிதழ்களையும் ஷிப்பிங் பில் நகல்களையும் ஆண்டுவாரியாக வைத்துக் காக்கவும் ஏற்பாடு செய்தால், ஒவ்வொரு பட்டறைக்கும் விழும் செலவு மாதத்துக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் இந்தக் கல்லூரி வளாகத்திலேயே கொடுக்க முடியுமா என்பதை முதல்வர் அவர்கள் ஆலோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.